உப்பு சிஸ்டமா, குளோரினா? முதலில் போர் தண்ணியைப் பாருங்கள்

வீட்டு நீச்சல் குளத்துக்கு உப்பு சிஸ்டம் போடப் போகிறேன் என்றதும் அப்பா சிரித்தார். "நம்ம போர்ல வர்றதே உப்புத் தண்ணிதானடா, அதுல இன்னும் ஆறு மூட்டை கொட்டணுமா?" நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கேள்வியின் அருமை மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பலருக்கும் இருக்கும் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடுகிறேன். உப்புக் குளத்திலும் கிருமியைக் கொல்வது குளோரின்தான். குழாயில் மாட்டிய செல், உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் பாய்ச்சி அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இதில் 3 கிராம் சொச்சம்தான்.

படி 1: கொள்ளளவு

நீளம் × அகலம் × சராசரி ஆழம். என்னுடையது 8 × 4 × 1.4 மீட்டர், ஏறக்குறைய 45,000 லிட்டர்.

படி 2: கடினத்தன்மை (நான் சறுக்கிய இடம்)

கொங்குப் பக்கம் துணி துவைக்கிற போர் தண்ணியை உப்புத் தண்ணி என்போம். ஆனால் அதில் சோப்பு நுரைக்காமல் செய்வது சமையல் உப்பு இல்லை, கால்சியமும் மக்னீசியமும். நான் டிடிஎஸ் (நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) காட்டும் பேனாவை முக்கி எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். டிடிஎஸ் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்லும், அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது.

மூன்றாவது வாரம் செல்லைக் கழற்றினால் தகடுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் செதில். வாட்டர் ஹீட்டர் ராடில் படியுமே, அதேதான். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, குளத்தில் குளோரின் பூஜ்யம்.

அப்புறம்தான் கால்சியத்தை அளக்கும் சொட்டு மருந்து கிட் வாங்கினேன். குப்பியில் 10 மில்லி நீர் எடுத்து, சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். என் கிட்டில் ஒரு சொட்டுக்கு 25 பிபிஎம் (லிட்டருக்கு 25 மில்லிகிராம்). 31 சொட்டு போனது: 775! இருக்க வேண்டியது 200 முதல் 400 வரை. பட்டைத் தாளை நனைத்து நிறம் பார்க்கும் கிட்டை மட்டும் வாங்காதீர்கள். வெயிலில் நின்றுகொண்டு இது ஊதாவா பழுப்பா என்று வீட்டில் சண்டைதான் வரும்.

செல்லைச் சுத்தம் செய்ய: வாளியில் நான்கு பங்கு தண்ணீர், அதில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் குளோரின் கேன் இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் விஷ வாயு. நுரை அடங்கியதும் எடுத்துக் கழுவுங்கள். கத்தியால் சுரண்டினால் தகட்டின் பூச்சு போய்விடும், அதோடு செல்லும் போச்சு.

ஆசிட் நோயைத் தீர்க்காது. பாதிக் குளத்தைக் காலி செய்து இரண்டு லாரி நல்ல தண்ணி இறக்கினேன். 17 சொட்டுக்கு வந்தது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், கால்சியம் குளத்திலேயே தங்கிவிடும். அதனால் குறையும் நீரைப் போரிலிருந்து நிரப்பினால் பழைய கதைதான். இப்போது மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து அதை விடுகிறேன்.

படி 3: முடிவு

கால்சியம் அளவு 400-க்குள் இருந்து, தினமும் குளிக்க ஆள் இருந்தால் உப்பு சிஸ்டம். அதற்கு மேல் போய், நல்ல தண்ணிக்கும் வழியில்லை என்றால் திரவ குளோரின். வாரக் கடைசியில் மட்டும் இறங்குவதென்றாலும் அதுதான் என் ஓட்டு. என் மச்சான் அப்படித்தான் வைத்திருக்கிறார். 10 சதவீதத் திரவம் என்றால் 45,000 லிட்டருக்கு 450 மில்லி ஊற்ற 1 பிபிஎம் ஏறும். 1 முதல் 3 வரை இருந்தால் சரி. சாயங்காலம் ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் கேனுக்குள்ளேயே வீரியம் குறையும், மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள்.

படி 4: உப்பு போடுதல்

25 கிலோ மூட்டை ஐந்தை ஆழம் குறைந்த பக்கம் தூவி, செல்லை அணைத்து வைத்து, பம்பை மட்டும் ஒரு நாள் ஓடவிடுங்கள். அளந்து பார்த்துவிட்டு ஆறாவது மூட்டையைப் பிரியுங்கள். கூடிப்போனால் தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) ஏறிக்கொண்டே போகும், வாரம் ஒருமுறை பார்த்து 7.6-க்குள் இறக்குங்கள். வெயில் குளோரினைத் தின்னாமலிருக்க, உப்பு சிஸ்டம், திரவ குளோரின் இரண்டுக்குமே சயனூரிக் ஆசிட் வேண்டும்.

பின்சேர்க்கை: கடையில் கிடைக்கும் கல்லுப்பு போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். கழுவாத கல்லுப்பில் கால்சியமும் மக்னீசியமும் ஒட்டிக்கொண்டு வரும், மறுபடி படி 2-க்கே வருவீர்கள். அயோடின் சேர்க்காத, 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான உப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபில்டரைக் கழுவும் நீரைத் தோட்டத்துக்கு விடலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தென்னை ஓரளவு தாங்கும். வாழை தாங்காது, எங்கள் வீட்டில் இரண்டு கன்று இலை ஓரம் கருகிப் போனது.