தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் வண்டி வரலாற்றைத் தொகுக்க

முதலில் பெர்மிட்டை, அதாவது ஒரு தடத்தில் பஸ் ஓட்ட அரசு தரும் அனுமதியைப் பிடியுங்கள். வண்டி பழசானால் அதே பெர்மிட்டில் வேறு வண்டி ஓடும். முதலாளி மாறினால் பெயர்ப்பலகை மாறும், தடமும் நேரமும் பெரும்பாலும் மாறா. பெயரை மட்டும் பார்ப்பவர்கள் ஒரே சர்வீஸை இரண்டு கம்பெனியாக எழுதிவிடுவது இதனால்தான்.

ஒவ்வொரு வண்டிக்கும் பதிவெண், சேஸிஸ் (அடிச்சட்டம்) எண், தடம், பாடி கட்டிய பட்டறை ஆகியவற்றை ஒரே வரியில் குறியுங்கள். 17 இலக்கச் சேஸிஸ் எண் எம்பி1 என்று தொடங்கினால் அசோக் லேலண்ட், எம்ஏடி என்றால் டாடா. கரூரில் புதுப் பாடி ஏறிய பழைய வண்டி புதிதாகவே தெரியும். முகப்பைப் பார்த்து ஆண்டு சொல்லாதீர்கள்.

பதிவெண்ணின் தொடக்கத்தில் டிஎன் 49 என்றால் தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம். இது வண்டி பதிவான இடம்தான், ஓடும் ஊர் அல்ல.

1972இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது பெரிய கம்பெனிகளின் வண்டிகள் அரசுடைமையாயின. அதற்கு முந்தைய காலத்துக்குப் பெர்மிட் வழக்குத் தீர்ப்புகளே அருமையான புதையல். ராமன் அண்ட் ராமன் பஸ் கம்பெனி 1950களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. போட்டியிட்டவர்கள் யார், எந்தத் தடத்துக்கு என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும்.