ஒரே இழையில் போக்கும் வரத்தும்: நெட் லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை ஊர்களில் கேபிள் டிவியும் நெட்டும் கொடுக்கும் லைன்களில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. ஜனங்களுக்குச் சீக்கிரம் டிவி தெரிய வேண்டும் என்று கையில் கிடைத்த கப்ளரையெல்லாம் (ஒரு இழையில் வரும் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் உருப்படி) போட்டு கண்ணாடி இழைகளை ஒட்டினோம். அப்போது அந்த லைனில் போனது டிவிக்கான 1550 நானோமீட்டர் ஒளி மட்டும்தான். குறையே தெரியவில்லை. அப்புறம் அதே லைனில் ஜிபான் நெட்டை, அதாவது ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நெட்டை, ஏற்றினோம். சில வீடுகளில் ஓஎன்யு (வீட்டில் வைக்கும் நெட் பெட்டி) பதிவே ஆகவில்லை, சில தெருக்களில் நெட் விட்டு விட்டு வந்தது. டிவி மட்டும் பளிச்சென்று இருந்தது.

குற்றவாளி கப்ளர்தான். இரண்டு இழைகளைச் சூடாக்கி, இழுத்து, உருக்கிச் சேர்த்துச் செய்யும் எஃப்பிடி கப்ளரில் ஒளி என்ன விகிதத்தில் பிரியும் என்பது அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும். 1550-க்கென்று செய்த 10/90 கப்ளர் (ஒரு பக்கம் 10 சதவீதம், மறுபக்கம் 90 சதவீதம்), 1550-இல் மட்டும்தான் 10/90. ஜிபானில் நெட் இறங்குவது 1490-இல், வீட்டிலிருந்து திரும்பி ஏறுவது 1310-இல். அந்த இரண்டுக்கும் அதே கப்ளர் வேறு விகிதத்தில் பிரிக்கும். ஆகவே பழைய டிவி லைனில் நெட்டை ஏற்றும் முன் ஒவ்வொரு ஜாயிண்ட் பாக்ஸையும் திறந்து, கப்ளர் எந்த அலைநீளத்துக்கானது என்று பாருங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. சில்லில் செய்த ஒளிப் பிரிப்பானான பிஎல்சி ஸ்ப்ளிட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1260 முதல் 1650 வரை ஏறக்குறைய ஒரே மாதிரி சமமாகப் பிரிக்கும்.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடாது. ஒளி ஓடும். எதிரெதிரே வரும் இரண்டு ஒளிகள் இழைக்குள் ஒன்றையொன்று தடுக்காமல் கடந்து போய்விடும். சிக்கல் இரண்டு முனைகளில்தான். கனெக்டரில் பட்டு எதிரொளிக்கும் நம் சொந்த ஒளி, தூரத்திலிருந்து வரும் மெலிந்த ஒளியை மூழ்கடித்துவிடும். அதனால்தான் போக்குக்கு ஒரு அலைநீளம், வரத்துக்கு வேறொன்று. ஓஎன்யுவுக்குள் இருக்கும் போசா என்ற சின்ன உருப்படியில் லேசரும் ஒளி வாங்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் பூசிய மெல்லிய படலங்கள் ஒரு அலைநீளத்தை ஊடுருவ விட்டு, மற்றதைத் திருப்பிவிடும்.

இது புரிந்தால் மீடியா கன்வெர்ட்டர் (இழையின் ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றும் பெட்டி) விஷயமும் புரியும். ஒற்றை இழை மீடியா கன்வெர்ட்டரும், ஸ்விட்சில் செருகும் ஒளி மாட்யூலான எஸ்எஃப்பியும் ஜோடியாகத்தான் வரும். ஒன்று 1310-இல் அனுப்பி 1550-ஐ வாங்கும், மற்றது நேர்மாறு. ஒரு பக்கம் பழுதானதும் கடையிலிருந்து இன்னொரு 'ஏ' பீஸை வாங்கி வந்து, இரண்டு முனையிலும் 'ஏ' போட்டுவிட்டு இழையைச் சந்தேகப்படுகிறவர்கள் நிறைய பேர். ஒளி போய்ச் சேரும், ஆனால் உள்ளே இருக்கும் ஃபில்டர் அதை வாங்கியிடம் விடாது. 'ஏ', 'பி' என்ற எழுத்தையும் நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அனுப்பும், வாங்கும் அலைநீளத்தைப் படித்து வாங்குங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு. கல்லணையில் பிரியும் தண்ணீரைப் பார்த்துப் பழகிய நமக்கு, பிரியும்போது குறையும், சேரும்போது குறையாது என்று தோன்றும். ஸ்ப்ளிட்டரில் அப்படி இல்லை. 1:32 ஸ்ப்ளிட்டரில் இறங்கும் ஒளி சுமார் 17 டிபி (டெசிபல், இழப்பை அளக்கும் அலகு) குறைகிறது என்றால், ஒரு வீட்டிலிருந்து ஏறும் ஒளியும் அதே 17 டிபி குறைந்துதான் ஓஎல்டிக்கு, அதாவது நம் ஆபீஸ் பக்கம் இருக்கும் தலைமைப் பெட்டிக்கு, போகும். அதோடு 1310-இல் இழையின் இழப்பும் கூடுதல்: கிலோமீட்டருக்கு 0.35 டிபி வரை. 1550-இல் அது 0.2 அளவில்தான் இருக்கும். வீட்டில் மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் பலம்; மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி மெலிவு) வருகிறது, வேலை முடிந்தது என்று ஏணியை மடிக்காதீர்கள். ஓஎல்டியில் அந்த ஓஎன்யுவிலிருந்து எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். பி பிளஸ் வகை ஜிபானில் மொத்த இழப்பு 28 டிபிக்குள் அடங்க வேண்டும், அதுவும் இரண்டு திசையிலும்.

அந்த மைனஸ் 20 உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. டிவியும் நெட்டும் ஒரே இழையில் வரும்போது, சாதாரண பவர் மீட்டர் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். டிவி ஒளி மைனஸ் 6 இருந்தால் மீட்டரும் மைனஸ் 6 என்றே சொல்லும், 1490 முழுதாகச் செத்துப்போயிருந்தாலும்கூட. அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் பான் பவர் மீட்டர் விலை கூடுதல்தான். ஆனால் ஊருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். ஓஎன்யுவின் வாயில் மீட்டரைச் செருகி, லைட் வரவில்லை, லேசர் போய்விட்டது என்று ஓஎன்யுவைத் தூக்கிப் போடுகிறார்களே, அது பெரிய வீண். ஓஎல்டி அனுமதி கொடுத்த நேரத்தில் மட்டுமே ஓஎன்யு ஒளி விடும். லைனிலிருந்து கழற்றினால் வாய் திறக்காது. அப்படிக் கழற்றிய பிறகும் விடாமல் ஒளி விடும் ஓஎன்யு இருந்தால் அதுதான் கோளாறு. அந்த ஒன்று அந்த ஜிபான் லைனில் இருக்கும் எல்லா வீட்டு நெட்டையும் கெடுத்துவிடும்.

பச்சை கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் சாய்வில்லாதது. இரண்டையும் சேர்த்தால் நடுவே காற்று இடைவெளி விழுந்து பவரும் குறையும், எதிரொளிப்பும் கூடும். அறுவடை நேரத்துத் தூசி ஒட்டினாலும் இதே கதைதான், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுச் செருகுங்கள். நெட் நன்றாக இருந்து டிவி மட்டும் மங்கினால், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இழையைக் குறுக மடக்கி ஆணி கிளிப் அடித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மடிப்பில் 1310-ஐவிட 1550 அதிகமாகக் கசியும்.

தூரத்து ஊருக்கு நெட் எட்டவில்லை என்று நடு லைனில் டிவி ஆம்ப்ளிஃபயரான இடிஎஃப்ஏவைச் செருகியதை ஒருமுறை பார்த்தேன். அது பெருக்குவது 1550 பக்கத்தை மட்டும். உள்ளே இருக்கும் ஐசொலேட்டர் ஒளியை ஒரே திசையில்தான் விடும், எதிர்த்திசையில் திரும்பும் 1310 அங்கேயே நின்றுவிடும். இடிஎஃப்ஏவை ஹெட்எண்டிலேயே (சிக்னல் கிளம்பும் இடம்) வைத்து, அதன் பின் வெவ்வேறு அலைநீளங்களை ஒரே இழையில் சேர்க்கும் டபிள்யூடிஎம் ஃபில்டரில் டிவியையும் நெட்டையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த இடிஎஃப்ஏ வாயில் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் ஒளி வெளிவரலாம். கண்ணுக்கே தெரியாத ஒளி அது. இழை முனையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, லைட் வருகிறதா என்று பார்க்கும் பையன்களை எங்கே கண்டாலும் உடனே தடுத்துவிடுங்கள்.