ஊருக்குத் திரும்ப முன்னம் இருக்கிற கடைசி மூண்டு மாசம்: வீட்டுக்குள்ள செய்யவேண்டிய அலுவலுகள்

நாங்கள் நோர்வேயில பேர்கன் எண்ட இடத்தில நாலு வருசம் இருந்திட்டு யாழ்ப்பாணம் திரும்பி வந்தனாங்கள். இவர் இஞ்ச கம்பஸில படிப்பிக்கிறவர், பிஎச்டி செய்ய லீவில போனது, முடிஞ்ச கையோட வந்து வேலை செய்யவேணும் எண்டு எழுதிக் குடுத்திட்டுத்தான் போறது, அதால திரும்புறமோ இல்லையோ எண்ட கேள்வியே எங்களுக்கு இருக்கேல்லை. அப்பிடி நாள் தெரிஞ்சிருந்தும் கடைசியில வீட்டில ஒருத்தரும் ஒருத்தரோட மனம்விட்டுக் கதைக்கேல்லை. நீங்களும் இப்ப அந்தக் கட்டத்தில நிக்கிறியள் எண்டா இதை வாசியுங்கோ.

முதல்ல ஆருக்கு என்ன கவலை எண்டு தனித்தனியாக் கேளுங்கோ. இவருக்கு அம்மாட்டப் போறம் எண்ட சந்தோசம், ஆனா லாப்பை விட்டுட்டு வாறது நெஞ்சுக்குள்ள கிடந்து குடைஞ்சது. நான் அங்க சின்னப் பிள்ளையளைப் பாக்கிற இடத்தில வேலை செய்தனான், விடிய மழைக்குள்ள பஸ் பிடிச்சுப் போறது, மாசம் முடிய என்ர பேரில காசு வாறது, அது எல்லாம் போகுதே எண்டு எனக்கு. சின்னவனுக்கு மூண்டு வயசு, அவனுக்கு ஒண்டும் விளங்காது. மூத்தவளுக்கு எட்டு. நான் ஒருநாள் "ஊருக்குப் போகப்போறம்" எண்டு சொல்ல, "ஊரிலதானே அம்மா இருக்கிறம்" எண்டாள். எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. அதுக்குப் பிறகு ஊர் எண்ட சொல்லை விட்டுட்டு யாழ்ப்பாணம் எண்டு பேர் சொல்லித்தான் கதைச்சனான், நீங்களும் அப்பிடியே கதையுங்கோ. எங்கட சொந்த இடத்துக்கெல்லோ போறம், சந்தோசமா இரு எண்டு பிள்ளையை நெருக்காதேங்கோ, உங்களுக்குச் சொந்த இடம், அதுக்கு அப்பிடி இல்லை.

சாமான் விக்கிற நேரம் பிள்ளையின்ர சாமானைக் கேக்காமல் வித்திடாதேங்கோ. பேர்கனில பனி குறைவு, மழைதான் கூட, அதால பனி விழுந்த நாள் பிள்ளையளுக்குத் திருவிழா மாதிரி. அவளிட்டைப் பனியில சறுக்கிற ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் வண்டில் இருந்தது, இனி எதுக்கு எண்டு நான் ஃபின் எண்ட, பழைய சாமான் விக்கிற வெப்சைட்டில போட்டு 50 குரோனருக்குக் குடுத்திட்டன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், வண்டில் கொழுவியிருந்த ஆணியைக் கொஞ்ச நேரம் பாத்தாள், பிறகு தன்ர ஈரக் கையுறையை அந்த ஆணியில கொழுவிப்போட்டு அறைக்குள்ள போயிட்டாள். அழேல்லை. அழுதிருந்தா எனக்கு இவ்வளவு நோகாது. அதுக்குப் பிறகு ஆளுக்கொரு பெட்டி குடுத்து, அதுக்குள்ள என்ன வைக்கிறது எண்டதில நாங்கள் தலையிடுறேல்லை எண்டு முடிவெடுத்தம். அவள் கூழாங்கல்லும், லைப்ரரி கார்ட்டும், மழை உடுப்பும் வைச்சாள். யாழ்ப்பாண வெயிலுக்கு மழை உடுப்பு என்னத்துக்கு எண்டு கேக்க வாய் வந்தது, அடக்கிப்போட்டன். ஐப்பசி மழைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் ஒழுங்கையில நிண்டவள்.

பேப்பர் அலுவலுகளைக் கெதியா முடியுங்கோ, கடைசி நேரத்தில அதுதான் வீட்டில சண்டையைக் கிளப்பிறது. நோர்வேயில வாடகை வீட்டுக்கு வழமையா மூண்டு மாச நொட்டீஸ் குடுக்கவேணும், ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கோ. 6 மாசத்துக்கு மேல நாட்டை விட்டுப் போறதெண்டா சனப்பதிவில அறிவிக்கவேணும். தடுப்பூசிப் பதிவு, பள்ளிக்கூட ரிப்போட் ரெண்டையும் இங்கிலீசில கேட்டு வாங்குங்கோ. அங்க பிறந்த பிள்ளை எண்டா பிறந்து ஒரு வருசத்துக்குள்ள இலங்கைத் தூதரகத்தில பதிஞ்சிருக்கவேணும், விடுபட்டிருந்தா இண்டைக்கே அதைப் பாருங்கோ.

பள்ளிக்கூட விசயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும். அங்க ஏழாம் வகுப்பு முடியும்வரைக்கும் பிள்ளையளுக்கு மார்க்ஸ் போடுறேல்லை. இஞ்ச வந்த உடன தவணைப் பரீட்சை, எத்தினையாம் பிள்ளை எண்ட கேள்வி, பிறகு ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப் பரீட்சை. அதை வர முன்னமே அவளுக்குச் சொல்லி வைச்சம், மார்க்ஸ் குறைஞ்சா நாங்கள் ஏசமாட்டம் எண்டும் சொன்னம், சொன்னபடி நடந்தும் காட்டவேணும். முதல் ஆறு மாசம் ரியூசனுக்கு விடாதேங்கோ, ஆர் என்ன சொன்னாலும் விடாதேங்கோ. அவள் தமிழ் நல்லாக் கதைப்பாள், வாசிக்கத்தான் கஸ்ரம். அதுக்கு மாமி, இவற்ர அம்மா, ஒரு வழி பிடிச்சவ, கொப்பித் தாளில நாலு வரி எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில போடுவா, "முற்றத்து மாமரம் காய்ச்சிருக்கு, அணில் கோதுது, கெதியா வா" எண்டு. இவள் எழுத்துக் கூட்டி வாசிச்சு வொய்ஸ் அனுப்புவாள். மூண்டு மாசத்தில கடகடவெண்டு வாசிக்கத் தொடங்கிட்டாள்.

இஞ்ச காத்திருக்கிற ஆக்களுக்கும் உள்ளதைச் சொல்லுங்கோ. எனக்கு அதுக்குப் பயமா இருந்தது, வாற சந்தோசத்தில இருக்கிற மனிசிக்குக் கவலை எண்டு எப்பிடிச் சொல்லுறது. ஒருநாள் வீடியோ கோலில, "மாமி, பிள்ளை கொஞ்ச நாள் ஒதுங்கித்தான் இருப்பாள், எனக்கும் மனம் சரியில்லை" எண்டு சொல்லிப்போட்டன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "95இல இடம்பெயர்ந்து தென்மராட்சியில கிடந்திட்டு அடுத்த வருசம் வந்தனாங்கள், என்ர குசினியே எனக்குப் பிடிபட மூண்டு மாசம் எடுத்தது பிள்ளை, நீ ஆறுதலா வா" எண்டா. அண்டைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது.

போற நாள் கிட்டக் கிட்ட அங்கத்தைய கொண்டாட்டங்களைக் குறைக்காதேங்கோ. மே 17 நோர்வேயின்ர தேசிய நாள், 1814இல அரசியலமைப்பில கையெழுத்து வைச்ச நாள், பள்ளிக்கூடப் பிள்ளையள் கொடியோட ஊர்வலம் போவினம். அடுத்த நாள் மே 18, நாங்கள் வீட்டில முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி விளக்கேத்துவம். கடைசி வருசம் ரெண்டையும் முழுசாச் செய்தம். முதல் நாள் கையில வைச்சிருந்த கொடியை அவள் விளக்குக்குப் பக்கத்தில கொண்டுவந்து வைச்சாள், நாங்கள் எடுக்கச் சொல்லேல்லை.

பிறகு சின்னச் சின்ன விசயங்கள். பிள்ளையின்ர சிநேகிதப் பிள்ளையளின்ர தாய்மாரிட்டை நம்பரை வாங்கி வையுங்கோ. கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து வான் பிடிச்சு யாழ்ப்பாணம் வர 8 மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும், ஏலுமெண்டா ஒரு இரவு கொழும்பில படுத்திட்டு வாங்கோ. இஞ்சத்தைக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, சோப் நுரைக்காது, தலைமயிர் முறுகும், முதலே சொல்லி வையுங்கோ. மற்றது, புறப்படுற அண்டு பிள்ளையளின்ர தலையணை உறையைத் தோய்க்காமல் அப்பிடியே மடிச்சுக் கைப்பையில வையுங்கோ, கப்பல் பெட்டிக்குள்ள போட்டிடாதேங்கோ, முதல் இரவு அந்த மணம் தேவைப்படும்.