கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம்: முதலில் பட்டியல், அப்புறம்தான் வக்கீல்

கல்யாணப் பேச்சு நடக்கும்போதே பிரிவைப் பற்றி எழுதி வைப்பதா என்று பலர் முகம் சுளிப்பார்கள். பிரிந்தால் சொத்தும் கடனும் யாருக்கு என்று முன்பே எழுதிக்கொள்வதுதான் ‘பிரீநப்’. உண்மையில் இந்த ஒப்பந்தத்தில் பாதி வேலை, யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்று இருவரும் உட்கார்ந்து பேசுவதுதான்.

படி 1: உங்களுக்கு இது செல்லுமா?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஜெர்மனியில் நோட்டரி முன் செய்தால்தான் செல்லும். இங்கிலாந்தில் ஒப்பந்தம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் விளைவு புரிந்து, சுயவிருப்பத்தோடு போட்டிருந்தால், அநியாயமாக இல்லாதவரை அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2010-இல் ராட்மாக்கர் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. பொதுக் கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பிரிவை முன்கூட்டியே பேசும் இதையும் நீதிமன்றம் அப்படிப் பார்க்கலாம் என்பதால், நம்பி உட்கார முடியாது. கோவா மட்டும் விதிவிலக்கு. அங்கே போர்த்துகீசிய சிவில் சட்டம் இன்னும் இருப்பதால், சொத்து இருவருக்கும் பொதுவா, தனித்தனியா என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளலாம்.

படி 2: பட்டியல் போடுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். வீடு, நிலம், நகை, சேமிப்பு, பங்குகள், தொழிலில் உள்ள பங்கு, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே கடன்களும் வர வேண்டும். நண்பனுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள் (அல்லது மறந்ததுபோல் இருக்கிறார்கள்). எதையாவது மறைத்தது பின்னால் தெரிய வந்தால், ஒப்பந்தமே ரத்தாகலாம்.

ஓர் உதாரணம். ஒருவர் 20 வருடக் கடனில் வீடு வாங்கி, 4 வருடத் தவணை கட்டியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு மீதி 16 வருடம் இருவர் சம்பளத்திலும் தவணை போகிறது. வீடு யாருடையது? ‘வீடு அவருடையது’ என்று ஒரே வரியில் எழுதினால் இன்னொருவருக்கு நஷ்டம். முன்பணமும் முதல் 4 வருடத் தவணையும் வாங்கியவர் கணக்கு, பிறகு கட்டியது ஆளுக்குப் பாதி, விலை ஏறினால் அந்த ஏற்றமும் அதே விகிதத்தில் என்று எழுதலாம்.

படி 3: எழுதக் கூடாதவை

பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும், அவர்கள் செலவுக்கு எவ்வளவு என்பதை இதில் முடித்துவிட முடியாது. பிள்ளையின் நலனைப் பார்த்து நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். ‘ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்ற ஷரத்தும் பல இடங்களில் நிற்காது. கலிபோர்னியாவில், விட்டுக்கொடுப்பவருக்குத் தனி வக்கீல் இல்லாவிட்டால் அது செல்லாது. எடை கூடக் கூடாது, சமையல் யார் என்பதெல்லாம் சேர்த்தால் நீதிபதிக்குச் சிரிப்புதான் வரும்.

படி 4: ஆளுக்கொரு வக்கீல்

ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் பார்ப்பது மிச்சம்போலத் தெரியும். பின்னால் ‘எனக்கு யாரும் விளக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் ஒப்பந்தம் ஆட்டம் காணும். வசதியுள்ளவரே இரண்டு கட்டணத்தையும் கொடுக்கலாம். ஆனால் அவரவர் வக்கீலை அவரவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 5: தேதி

கல்யாணத்துக்கு முந்தைய இரவு காகிதத்தை நீட்டினால், கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கியதாகத்தான் எவரும் நினைப்பார்கள். கலிபோர்னியாவில் இறுதி வரைவு கைக்கு வந்து 7 நாள் கழித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். என்னைக் கேட்டால், மூன்று மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள்.

படி 6: பிறகு

குழந்தை பிறந்தாலோ, ஒருவர் வேலையை விட்டாலோ, வேறு நாட்டுக்குக் குடிபோனாலோ எடுத்துப் படியுங்கள். மாற்ற வேண்டும் என்றால் வாய்ப்பேச்சு போதாது. எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். தனிச் சொத்து என்று எழுதிய பணத்தைக் கூட்டுக் கணக்கில் போட்டுச் செலவழித்தால், எது யாருடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு. அதற்கென்று தனிக் கணக்கு வைத்து, அறிக்கைகளை ஒப்பந்தத்தோடு சேர்த்தே கோப்பில் போட்டு வையுங்கள்.