தனக்குத்தானே பேசும் பிள்ளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான எங்கள் நிலையத்தில் புதிதாக ஆசிரியையாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் சுவரில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே பிள்ளையின் பெயர், கீழே 10 கட்டம். முணுமுணுக்காமல் உட்கார்ந்தால் ஒரு நட்சத்திரம், 10 நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு மைலோ பாக்கெட். பார்த்ததும் எனக்கு நெஞ்சு பகீரென்றது. இதே அட்டையை இதே சுவரில் நான் ஒட்டியிருக்கிறேன்.

"சத்தம் இல்லாம உட்கார்ந்தா நல்லதுதானே, டீச்சர்?" என்று கேட்டார். நல்லதில்லை. ஏன் என்று அவருக்குச் சொன்னதை, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ரோத்தான் பிரம்பை எடுப்பது, வாயில் மிளகாய் தேய்ப்பது, முனியாண்டி கோயிலில் கயிறு கட்டிப் பேய் ஓட்டுவது பற்றியெல்லாம் விளக்கப் போவதில்லை. அவை தவறு என்று செய்கிறவர்களுக்கே தெரியும்.

பேச்சை நிறுத்துவதற்குப் பரிசு கொடுப்பது

2012-இல் 7 வயதுப் பையன் ஒருவன் வந்தான். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவர். பையனுக்கு வாய் ஓயாது, ஆனால் யாரிடமும் பேசமாட்டான். சப்பாத்து மாட்டும்போது, "நாக்கத் தூக்கு, கால விடு, இழு, ஒட்டு" என்று அம்மாவின் குரலிலேயே சொல்லிக்கொள்வான். அது ஒட்டுப் பட்டை வைத்த வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை, "ஒட்டு" என்னும்போது பட்டை சரியாகப் படிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்வான். "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு, சின்ன ஊசிதான்." தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்க்கும் டிரசர் ஊசி போடும்போது சொல்லும் வாக்கியம் அது. நேரம் காலம் இல்லாமல் அதைச் சொல்கிறான், அர்த்தமில்லாத உளறல் என்று நினைத்தேன். அட்டையை ஒட்டினேன்.

மூன்றே வாரத்தில் பையன் அமைதியாகிவிட்டான். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அதைப் பிடிவாதம் என்று குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு தலையின் இடது பக்கத்தைச் சுவரில் மோதத் தொடங்கினான். அதையும் பிடிவாதம் என்றே எழுதினேன்.

ஒரு நாள் காலை அம்மா தலையணை உறையை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். மஞ்சளாகச் சீழ் காய்ந்து, துணி அட்டைபோல விறைத்திருந்தது. நடுக்காதில் கிருமி தங்கிச் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் மருத்துவர். "வலின்னா எப்பவும் 'சின்ன ஊசிதான்'னு சொல்லுவானே டீச்சர், இப்ப ஒண்ணுமே சொல்லலியே" என்றார் அந்த அக்கா. அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஒருமுறைகூட அவரைக் கேட்கவில்லை.

காது ஆறியது. ஆனால் அந்த வாக்கியத்தை அவன் அதன்பின் சொன்னதே இல்லை. உடம்புப் படத்தில் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டப் பழக்குவதற்கு 2 ஆண்டுகள் பிடித்தன. பிள்ளை தானாகவே உருவாக்கி வைத்திருந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு, அதே வேலைக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தோம். இன்றும் அந்த அட்டையை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இதெல்லாம் எனக்குத்தான் புதிது, உலகத்துக்குப் புதிதல்ல. சின்னப் பிள்ளைகள் எல்லோருமே வேலை செய்யும்போது வாய்விட்டுப் பேசித் தங்களை நடத்திக்கொள்கிறார்கள், பிறகு அந்தப் பேச்சு உள்ளே போய் எண்ணமாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1934-இல் வந்த நூலிலேயே எழுதிவிட்டார். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது நெடுநாள் வெளியிலேயே இருக்கிறது, பெரியவர்களான பிறகும் இருக்கிறது. 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை அடையாளம் காட்டிய லியோ கேனர், அவர்களில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறார். எதையாவது வீசத் தோன்றும்போதெல்லாம் அவன், "நாயை பால்கனியிலிருந்து போடாதே" என்று தனக்கே சொல்லிக்கொள்வான். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. முன்பு ஓர் ஓட்டலில் பொம்மை நாயை அவன் கீழே போட்டுக்கொண்டே இருந்தபோது அம்மா கண்டித்த வாக்கியம் அது. அந்தச் சொல்லைப் பிடித்துத் தன் கையைத் தானே அடக்கிக்கொண்டிருக்கிறான். அவன் வாயை அடைத்திருந்தால் கைக்கு ஏது கடிவாளம்?

கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். உடனே திருப்பிச் சொல்வதும் உண்டு, நாள் கழித்துச் சொல்வதும் உண்டு. பேரி பிரிசான்ட் என்ற பேச்சு வல்லுநரும் அவரோடு சேர்ந்தவர்களும் உடனே சொல்வதற்கு 7 விதப் பயன்களை 1981-இலும், நாள் கழித்துச் சொல்வதற்கு 14 விதப் பயன்களை 1984-இலும் பிரித்துக் காட்டினார்கள். கேட்பது, மறுப்பது, ஒத்துக்கொள்வது, தன்னைத் தானே நடத்திக்கொள்வது என்று அந்த வரிசை நீளும். நான் 2012-இல் உளறல் என்று ஒதுக்கியது இதைத்தான்.

ஆகவே, நிறுத்துவதற்கு முன் எழுதுங்கள். ஒரு பள்ளிக் கொப்பி போதும். என்ன சொன்னான், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, அந்த வாக்கியத்தை முதலில் எங்கே கேட்டிருப்பான் என்று பக்கத்தில் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது பத்தியை ஆசிரியரால் நிரப்ப முடியாது. அம்மா, ஆயா, பக்கத்து லயத்து அண்ணன் சொன்னால்தான் தெரியும். இரண்டு வாரம் எழுதினால் பாதி வாக்கியங்களுக்காவது வேர் கிடைத்துவிடும்.

"நான்னு சொல்லு" என்று திருத்துவது

"பசிக்குதா உனக்கு?" என்று ஒரு பிள்ளை தனக்குள் சொல்லிக்கொண்டே அடுப்படியைச் சுற்றினால், பசி அவனுக்குத்தான். நாம் எப்போதும் அவனைக் கேட்கும் கேள்வியை அப்படியே எடுத்து வைத்திருக்கிறான். தமிழில் வினைச்சொல்லின் வாலும் சேர்ந்து மாற வேண்டும். "சாப்பிடுறியா" என்பதை "சாப்பிடுறேன்" ஆக்குவது நாம் நினைப்பதுபோல் எளிதில்லை. "நான்னு சொல்லு" என்றால் அதையும் திருப்பிச் சொல்வான். அவன் வாயில் வரவேண்டிய வடிவத்தில் நீங்களே, "எனக்குப் பசிக்குது, சோறு வேணும்" என்று சொல்லிச் சோற்றை வையுங்கள். அடுத்த நாளும் அப்படியே.

நடுவில் புகுந்து "என்ன சொன்ன?" என்பது

கணக்குப் போடும்போது யாராவது தோளைத் தட்டினால் நமக்கு எப்படியோ, அப்படித்தான். முடிக்க விடுங்கள்.

வீட்டில் தமிழை நிறுத்துவது

பள்ளியில் மலாய், யூடியூப்பில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், பிள்ளை குழம்புகிறான், ஒரே மொழியில் பேசுங்கள் என்று இங்கே இன்னும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சப்பாத்து மாட்டும் பையனை நினைத்துப் பாருங்கள். அவனை நடத்தியது அம்மாவின் குரல், அந்தக் குரலுக்குத் தெரிந்தது தமிழ். அந்த அம்மாவைத் தட்டுத்தடுமாறி மலாய் பேசச் சொன்னால் பிள்ளைக்கு எதை எடுத்துக்கொள்ளக் கிடைக்கும்?

வெளியில் வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டு ஓடுவது

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் 20 வயதுப் பையன் தனியாகப் பேசிக்கொண்டு நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன ஊர், கண்ணும் காதும் அதிகம். கூட்டமும் இரைச்சலும் கூடும்போது பேச்சும் கூடும், ஏனென்றால் தன்னை நிதானப்படுத்திக்கொள்ள அவனிடம் இருப்பது அதுதான். அப்போது போய் "உஷ்" என்றால் நிலைமை மோசமாகும். ஒலியைக் குறைக்கப் பழக்கலாம், வீட்டில் நிதானமான நேரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவது சிலருக்கு ஒத்துவருகிறது, அவர்களுக்கே விருப்பமிருந்தால் மட்டும். வழக்கமாகப் போகும் காப்பிக் கடைக்காரரிடம் ஒருமுறை விஷயத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் சொன்ன இடத்தில் எல்லாம் மனிதர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஆட்டிசம் என்று விட்டுவிடுவது

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு இது. தனக்குத்தானே பேசுவது பைத்தியம் அல்ல. ஆனால் வேறு யாரோ பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்வதுபோலப் பயந்து நடுங்கினால், குரல் ஏதோ கட்டளையிடுகிறது என்றால், தூக்கமும் சாப்பாடும் கெட்டுப் பேச்சின் தன்மையே சில வாரங்களில் மாறிப்போனால், அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்கக் கடிதம் எழுதி வாங்குங்கள். அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். வழக்கமாகப் பேசும் பிள்ளை திடீரென்று வாய் மூடிப்போனாலும் போகத்தான் வேண்டும். காது, பல், வயிறு மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.