சொந்த வண்டியில் அலுவல் பயணம்: பயணப்படி கேட்பதில் நடக்கும் தவறுகள்

அலுவல் வேலையாகச் சொந்த வண்டியை எடுக்கும் அரசு ஊழியருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு படி தருவார்கள். அதைப் பெட்ரோல் காசு என்று நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. எரிபொருளோடு டயர், ஆயில், பழுது, காப்பீடு, தேய்மானம் எல்லாம் பொதுவாக அந்த விகிதத்துக்குள் அடக்கம். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025-இல் சொந்தக் காருக்கு மைலுக்கு 70 சென்ட் என்று நிர்ணயித்தார்கள். அரசு வண்டி இருந்தும் சொந்தக் காரை எடுத்தவருக்கோ 21 சென்ட்தான். பின்னது கிட்டத்தட்ட வண்டி ஓடும் செலவு. மிச்சம், வண்டி வைத்திருப்பதால் ஆகும் செலவு.

இது புரியாதவர்கள் கிலோமீட்டர் படியையும் கேட்டு, பெட்ரோல் ரசீதையும் இணைத்துவிடுகிறார்கள். ஒரே செலவை இருமுறை கேட்டதாக அது தணிக்கையில் நிற்கும். வழியில் பஞ்சர் ஒட்டிய காசும் அப்படித்தான். கணக்குப் பிரிவும் சளைத்ததல்ல: கிலோமீட்டர் விகிதத்தில் தரவேண்டிய பயணப்படிப் பட்டியலுக்குப் பெட்ரோல் ரசீது கேட்டு, அந்தத் தொகைக்குக் குறைத்தும் விடுவார்கள். அது ஊழியரின் வண்டியை இலவசமாக வாங்கி ஓட்டுவதற்குச் சமம். டோல், பார்க்கிங் கட்டணங்களைப் பல இடங்களில் தனியாகத் தருவார்கள், ரசீது இருந்தால். அபராதம் மட்டும் உங்கள் பாடு.

அடுத்தது தூரக் கணக்கு. வீட்டிலிருந்து வழக்கமான அலுவலகத்துக்குப் போவது அலுவல் பயணம் ஆகாது. சிக்கல் வருவது வீட்டிலிருந்து நேராகக் களப்பணிக்குப் போகும் நாளில். வீடு முதல் அலுவலகம் 12 கிலோமீட்டர், வீடு முதல் களம் 20 என்று வையுங்கள். தினசரித் தூரத்தைக் கழிக்கும் விதி இருந்தால் 8-க்குத்தான் படி. சில துறைகள் வீட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் அளந்து, எது குறைவோ அதைத் தரும். உங்கள் துறையின் விதி எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் திரும்பி வந்த பிறகு வாதாடிப் பயனில்லை.

மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து பட்டியல் எழுதுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 40, 60, 50 என்று எல்லாத் தூரமும் பூஜ்யத்தில் முடிந்தால் தணிக்கையாளருக்கு அதுவே போதும். தேதி, புறப்பட்ட இடம், போன இடம், வேலை என்ன, ஓடோமீட்டரின் தொடக்க, முடிவு எண்கள்: இவற்றை அன்றைக்கே குறித்துவிட வேண்டும். "அலுவல் பணி" என்று மட்டும் எழுதினால் பயணத்தின் காரணம் விளங்காது. எந்தக் கோப்பு, எந்த ஆய்வு என்று ஒரு வரி சேருங்கள். படித்துப் பார்க்காமல் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடும் மேலதிகாரிக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரே காரில் மூன்று பேர் போனால் கிலோமீட்டர் படி வண்டியைக் கொண்டுவந்தவருக்கு மட்டும். முன் அனுமதி தேவைப்படும் இடத்தில், போய் வந்த பிறகு வாங்கும் அனுமதி பெரும்பாலும் செல்லாது.

அப்புறம் காப்பீடு. சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி, சில நாடுகளில் அலுவலகம் போய்வருவதைச் சேர்த்துக்கொள்ளும். களப்பணிக்கு ஓட்டுவதைச் சேர்க்காது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம், அலுவலகமும் "அதற்கும் சேர்த்துத்தானே படி தருகிறோம்" என்று சொல்லலாம். பாலிசியில் அலுவல் பயன்பாடு இருக்கிறதா என்று முதல் பயணத்துக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.