க்ரூஸ்ல சூட் ரூம் எடுக்கறவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற க்ரூஸ் பத்தி யாராவது ஒருத்தர் கூப்பிட்டு கேட்டுட்டேதான் இருக்காங்க. அதுல பாதிப் பேர் பணத்தைக் கட்டிட்டு அப்புறமா "இதுல என்னென்ன கிடைக்கும்"னு கேக்கற ரகம். அம்மா அப்பாவோட அறுபதாம் கல்யாணம், பையன் நல்ல காலேஜ்ல சேந்தது, இப்படி ஏதாவது ஒரு சந்தோஷத்துக்கு "ஒரு தடவைதானே போறோம், சூட்லயே போயிடலாம்"னு முடிவு பண்றாங்க. சூட்னா கப்பல்ல சாதாரண ரூமைவிட பெருசா, தனிச் சலுகையோட விக்கற ரூம். நல்ல எண்ணம்தான், ஆனா நானெல்லாம் ஒரு காலத்துல பண்ண அதே தப்பை வரிசை மாறாம பண்றாங்க. தொப்பி எடுத்துக்கங்க, சன்ஸ்கிரீன் மறக்காதீங்க மாதிரி விஷயமெல்லாம் இங்க வராது, அது எல்லாருக்கும் தெரியும்.

ரூமோட சைஸப் பாத்து பணம் கட்றது

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்றது இதுலதான். அதனால இதை கொஞ்சம் நீட்டியே எழுதறேன், மத்ததுக்கெல்லாம் நாலு வரி போதும்.

சூட்டுக்கு நீங்க குடுக்கற பணத்துல ரூமுக்குன்னு போறது ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் தனி ரெஸ்டாரண்ட், தனி லவுஞ்ச், தியேட்டர்ல ஒதுக்கி வெச்ச சீட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் தனி வரிசை, கூப்பிட்டா வந்து நிக்கற ஒரு கன்சியர்ஜ், இதுக்கெல்லாம்தான். இதெல்லாம் எல்லா சூட்டுக்கும் வராது. கப்பலுக்குக் கப்பல் மாறும், ஒரே கப்பல்ல படிக்குப் படி மாறும்.

எங்க சித்தப்பாவுக்கு அறுபது முடிஞ்ச கையோட பசங்க சேந்து க்ரூஸ் ஏற்பாடு பண்ணாங்க. கோயம்புத்தூர்ல ஒரு ஏஜென்ட், பேரு வேணாம், "ரெண்டு சூட் போட்டிருக்கேன் சார், தனி டைனிங், தனி லவுஞ்ச், விஐபி மாதிரி போயிட்டு வரலாம்"னு சொல்லி பணம் வாங்கிட்டாரு. போட்டிருந்தது ரெண்டும் ஜூனியர் சூட். ஏறின அன்னைக்கு சாயங்காலம் சித்தப்பா பட்டு வேட்டி, சித்தி பட்டுப்புடவை, மேல் டெக்ல லவுஞ்ச் கதவு முன்னாடி நின்னு ரூம் கார்டைக் காட்டறாரு, சிவப்பு லைட் எரியுது. திருப்பிப் புடிச்சு காட்டறாரு, மறுபடி சிவப்பு. கார்டை துண்டுல நல்லா துடைச்சுட்டு வெக்கறாரு, அப்பவும் சிவப்புதான். "என்னப்பா, கார்டு போயிடுச்சா?"ன்னு என்னைத் திரும்பிப் பாத்து கேக்கறாரு. உள்ள இருந்து ஒரு பொண்ணு வந்து ரொம்ப மரியாதையா, சார் உங்க ரூமுக்கு லவுஞ்ச் வராது, ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் சூட் ரெஸ்டாரண்ட் போலாம், அதுவும் இடம் இருந்தாங்கறாங்க. பின்னாடி நாலஞ்சு பேர் அவங்கவங்க கார்டைக் காட்டிட்டு உள்ள போயிட்டே இருக்காங்க. ஏஜென்ட்டுக்கு வாட்ஸாப் போட்டா "ஜூனியர் சூட்டும் சூட்தானே சார்"ங்கறாரு. அந்தாளை என்ன சொல்றது, டிக்கெட்ல ஜூனியர் சூட்னு தெளிவா அச்சடிச்சுதான் இருக்கு, யாரும் படிக்கல.

சரி, எது எப்படின்னு பாப்போம். ராயல் கரீபியன்ங்கற க்ரூஸ் கம்பெனியோட பெரிய கப்பல்கள்ல சூட்டுக்கு மூணு படி: ஸீ, ஸ்கை, ஸ்டார். ஜூனியர் சூட் ஸீ கிளாஸ்ல வரும். ஆந்தம், ஓவேஷன் மாதிரி குவாண்டம் வகைக் கப்பல்ல அது ஏறத்தாழ 270 சதுர அடி, பாத்டப் எல்லாம் இருக்கும், ரூம்னு பாத்தா அருமையான ரூம். ஆனா கோஸ்டல் கிச்சன்ங்கற சூட் ரெஸ்டாரண்ட்ல ராத்திரி சாப்பாடு மட்டும்தான், லவுஞ்ச் கிடையாது. கிராண்ட் சூட், ஏறத்தாழ 350 சதுர அடி, அங்கதான் ஸ்கை கிளாஸ் ஆரம்பிக்குது. கோஸ்டல் கிச்சன்ல மூணு வேளையும், லவுஞ்ச், கன்சியர்ஜ், வைஃபை எல்லாம் அதுல இருந்துதான். அதுக்கு மேல ஸ்டார் கிளாஸ், அதுல ஜீனின்னு ஒரு ஆள் உங்களுக்குன்னே இருப்பாரு, கப்பல் ஏற்றதுக்கு முன்னாடியே மெயில் போட்டு உங்களுக்கு என்ன புடிக்கும்னு கேட்டு வெச்சுக்குவாரு.

ஒரு வேடிக்கை சொல்றேன். இதே கம்பெனியோட டிப்ஸ் கணக்குல, நான் கடைசியா பாத்தப்ப, ஆளுக்கு ஒரு நாளைக்கு சூட்ல இருக்கறவங்களுக்கு 21 டாலர், "ஜூனியர் சூட்டும் அதுக்குக் கீழயும்" 18.50 டாலர். ஜூனியர் சூட் எந்தக் கோஷ்டின்னு அவங்களே சொல்லிட்டாங்க, நம்ம ஏஜென்ட்தான் சொல்ல மாட்டேங்கறாரு.

மத்த கம்பெனிங்கள்லயும் இதே கதை உண்டு. பிரின்சஸ்ல மினி சூட்னு ஒண்ணு, பால்கனி ரூமைவிட பெருசு, சோபா இருக்கும், முழு சூட் சலுகை வராது. நார்வீஜியன்ல கிளப் பால்கனி சூட்னு இப்ப விக்கறதுதான் முன்னாடி மினி சூட்டா இருந்தது, பட்லர் கிடையாது, கன்சியர்ஜ் கிடையாது, ஹேவன்ங்கற தனிப் பகுதிக்குள்ள போகவும் முடியாது. எம்எஸ்சில யாட் கிளப்ங்கற சூட் பகுதி தனி உலகம், அதே கப்பல்ல யாட் கிளப்ல சேராத சூட்டும் இருக்கு. இதுக்கு நேர்மாறா செலிப்ரிட்டில ஸ்கை சூட்ல இருந்தே லவுஞ்ச், லூமினே ரெஸ்டாரண்ட் எல்லாம் வந்துடும். 2019ல ஆசியாவுக்குன்னே வந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் த ஸீஸ் ராயல் கரீபியன் கப்பல்தான், ஆனா அதுல சூட் ஏற்பாடே வேற, தனி லிஃப்ட் வெச்ச தனிப் பகுதி. அதனால ஒரு கப்பல்ல போன அனுபவத்தை வெச்சு இன்னொண்ணை முடிவு பண்ண முடியாது.

ஏஜென்ட்கிட்ட "இது சூட்டா?"ன்னு கேக்காதீங்க, ஆமான்னுதான் சொல்லுவாரு. எந்த கேட்டகரி, என் கார்டுக்கு எந்தெந்த இடம் தொறக்கும், காலைலயும் மதியமும் சூட் ரெஸ்டாரண்ட் உண்டா, லவுஞ்ச் உண்டா, டிப்ஸ் சேந்ததா, இதை எழுத்துல வாங்குங்க. வாட்ஸாப்ல வந்தாலும் போதும். அப்புறம் கம்பெனி வெப்சைட்ல அந்தக் கப்பல், அந்தத் தேதி போட்டு நீங்களே ஒரு தடவை பாருங்க, பத்து நிமிஷ வேலை.

ஜூனியர் சூட் மோசம்னு நான் சொல்லவே இல்ல. பெரிய ரூம் போதும், லவுஞ்செல்லாம் வேணாம்ங்கறவங்களுக்கு அது சரியான தேர்வு. அதே மாதிரி ஸ்டார் கிளாஸ்ல டிரிங்க்ஸ் பேக்கேஜும், மத்தவங்க தனிக் காசு குடுத்து சாப்பிடற ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட்டும் விலையிலயே சேந்திருக்கு, குடும்பத்துல யாருமே குடிக்காம ரெண்டு பேர் சுத்த சைவமா இருந்தா அந்தப் பணத்துல பாதி கடல்லதான் போகும்.

ஒரே குடும்பம், ரெண்டு ரூம்

தாத்தா பாட்டிக்கு சூட், நமக்கும் பசங்களுக்கும் பக்கத்துல பால்கனி ரூம்னு போடறது நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். ஆனா சலுகையெல்லாம் சூட் ரூம்ல யார் பேர் இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான். பேரன் பாட்டி கையைப் புடிச்சுட்டு லவுஞ்சுக்குப் போனா அவன் கார்டும் சிவப்புதான். சூட்ல மூணாவது நாலாவது ஆளுக்கு இடம் இருந்தா புக் பண்ணும்போதே பசங்க பேரை அங்க போட்டுடுங்க. மூணாவது நாலாவது ஆளுக்கு பெரும்பாலும் கட்டணம் கொறைவாத்தான் இருக்கும். நாலு பேருக்கு ரெண்டு ஜூனியர் சூட் போடற காசையும் நாலு பேரும் ஒரே கிராண்ட் சூட்ல இருக்கற காசையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, சில தேதில ஆச்சரியமா இருக்கும். பாத்ரூமுக்கு சண்டை வரும், அது உங்க பாடு.

டெக் பிளான் பாக்காம ரூம் எடுக்கறது

சூட்டெல்லாம் பொதுவா மேல் டெக்ல இருக்கும். நேர் மேல நீச்சல் குளம் இருந்தா விடியக்காலைல நாற்காலி இழுக்கற சத்தத்துலதான் முழிப்பீங்க. உங்க ரூமுக்கு மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்கு, ரெண்டையும் பாருங்க. கப்பலோட மூக்குப் பக்கம் பாத்த சூட்னா ராத்திரி திரைச்சீலையை மூடியே வெக்கச் சொல்லுவாங்க, ரூம் வெளிச்சம் கப்பல் ஓட்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு. பால்கனில காத்தும் ஆளைத் தூக்கும்.

அசைவும் மேலயும் மூக்குலயும்தான் அதிகம். பினாங்கு, புக்கெட் பக்கம் போனா மலாக்கா ஜலசந்தி, பெரும்பாலும் குளத்துத் தண்ணி மாதிரி கெடக்கும். அதுவே டிசம்பர் ஜனவரில வியட்நாம் பக்கம்னா தென்சீனக் கடல், வடகிழக்குப் பருவக்காத்து நேரம், வாந்தி வர்ற உடம்புக்காரங்க நடுக்கப்பல்ல ரூம் கேளுங்க.

கேரண்டின்னு போட்டு கொஞ்சம் விலை கம்மியா காட்டுவாங்க, அதுல ரூம் நம்பர் அவங்க இஷ்டம். நான் எடுக்க மாட்டேன்.

பிட் போட்டு சூட்டுக்கு மாறிக்கலாம்ங்கற ஆசை

ஏற்கெனவே எடுத்த ரூம்ல இருந்து மேல் ரூமுக்கு மாத்த இவ்ளோ தர்றேன்னு ஏலம் மாதிரி கேக்கறதுதான் பிட். அதுல போடற தொகை ஆளுக்கு, ரூமுக்கு இல்ல. அதைப் பாக்காம "இவ்ளோதானா"ன்னு குதிச்சவங்களை எனக்குத் தெரியும்.

தினம் ஊர் சுத்தறவங்க சூட் எடுக்கறது

மூணு ராத்திரி க்ரூஸ்னா மொத நாள் மதியம் ஏறி நாலாவது நாள் காலைல இறங்கிடுவீங்க. நடுவுல இருக்கறதே ரெண்டு நாள், அதுலயும் ஊர் சுத்தறேன்னு காலைல போய் சாயங்காலம் வந்தா அந்த சூட்டை எப்ப அனுபவிக்கறது? கடல்லயே இருக்கற நாள் அதிகம் உள்ள ரூட்டுக்கு சூட் எடுங்க. இறங்கியே தீரணும்னா, புக்கெட்ல பெரிய கப்பலெல்லாம் படோங் பீச்சுக்கு எதிர நங்கூரம் போட்டு சின்ன போட்ல இறக்குவாங்க, அந்தக் கூட்டத்துல சூட்காரங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். தானா வந்து கூப்பிடுவாங்கன்னு ரூம்ல உக்காந்துடாதீங்க, மொத நாள் ராத்திரியே எங்க வரணும்னு கன்சியர்ஜ்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க.

கன்சியர்ஜ்கிட்ட பேசக் கூச்சப்படறது

நம்ம ஆளுங்களுக்கு இது ஒரு வியாதி. அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு ஷோவுக்கு வரிசைல நிக்கறது, ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட்ல இடம் இல்லன்னா திரும்பி வந்துடறது. யோவ், அதுக்குத்தான்யா காசு குடுத்திருக்கீங்க. ஏறின மொத மணி நேரத்துலயே லவுஞ்சுக்குப் போய் பேர் சொல்லி அறிமுகமாயிடுங்க, எந்த ஷோ, எந்த நாள் எங்க சாப்பாடுன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க.

சாப்பாட்டுல ஒண்ணு. சூட் ரெஸ்டாரண்ட் மெனு சின்னது, நம்ம சைவத்துக்கு ரெண்டாவது நாளே அலுத்துடும். சூட்ல இருக்கறதால மெயின் டைனிங்குக்குப் போகக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. அங்க இந்தியன் வெஜிடேரியன் வேணும்னு மொத நாளே ஹெட் வெய்ட்டர்கிட்ட சொல்லிட்டா மறுநாள்ல இருந்து பருப்பு, சப்பாத்தி, ஏதாவது ஒரு கூட்டுன்னு தனியா பண்ணித் தருவாங்க. ஜெயின் சாப்பாடுன்னா புக் பண்ணும்போதே சொல்லிடணும்.

கப்பல் கிளம்பற அன்னைக்கே சென்னைல இருந்து ஃப்ளைட்

வேணாம்.

இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர்

புடுங்கி வெச்சுட்டு கடைசி நாள்தான் குடுப்பாங்க. சூட்டா இருந்தாலும்.

போன்

கப்பல் கிளம்பினதும் ஏர்பிளேன் மோட், அப்புறம் வைஃபை மட்டும். கப்பல் டவர்ல ரோமிங் புடிச்சுச்சுன்னா பில்லைப் பாத்து நெஞ்சு வலி வரும். இன்னொண்ணு, புக்கெட் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. போன் தானா மாத்திக்கும், கப்பல் மாத்துதோ இல்லையோ. கப்பல் நேரம் என்னன்னு கேட்டு கைக்கடிகாரத்துல வெச்சுக்கங்க.

விசாவைப் பாதி பாக்கறது

சிங்கப்பூர்ல கிளம்பி சிங்கப்பூருக்கே திரும்பறீங்க, அப்ப ரெண்டு தடவை உள்ள வர்றீங்கன்னு அர்த்தம். இந்தியப் பாஸ்போர்ட்னா விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாத்துக்கங்க. சிங்கப்பூர் அரைவல் கார்டும் கப்பல்ல திரும்பி வர்றதுக்கு மறுபடி ஒண்ணு போடணும், இறங்கறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள. மலேசியா, தாய்லாந்து ரூல் மாறிட்டே இருக்கும், கிளம்பற வாரம் மறுபடி ஒரு தடவை பாருங்க.

கடைசி ராத்திரி பெட்டி

பெட்டியை ராத்திரியே ரூம் வாசல்ல வெச்சுடுங்கம்பாங்க, காலைல கீழ டெர்மினல்ல போய் எடுத்துக்கலாம். வெக்கறதுக்கு முன்னாடி மாத்திரை, பாஸ்போர்ட், காலைல போட்டுக்கற டிரெஸ் எல்லாம் வெளிய இருக்கான்னு பாருங்க. எங்க கூட வந்த ஒரு மாமா பேன்ட் எல்லாத்தையும் பெட்டில போட்டு வெளிய வெச்சுட்டாரு, காலைல சூட்காரங்களுக்கான தனி வரிசைல லுங்கியோட இறங்கினாரு. கன்சியர்ஜ் பொண்ணு முகத்துல ஒரு சின்ன சிரிப்புகூட இல்லாம கடைசி வரைக்கும் கூட வந்து வழியனுப்பிச்சுது. இறங்கின அன்னைக்கு மதியத்துக்கு முன்னாடி ஃப்ளைட் மட்டும் போட்டுடாதீங்க, சூட் ரெஸ்டாரண்ட்ல கடைசி டிஃபனை நிதானமா சாப்ட்டுட்டு இறங்கலாம்.